ஏழு நிமிட மழை

சூரமங்கலத்தில் மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் தெரியும் என்றுதான்
அட்வான்சில் ஐயாயிரம் கூடக் கேட்டார்கள்.
இரவு இரண்டு மணிக்கு மலை இல்லை.
ஒரு லாரியின் விளக்கு மட்டும் ஏறுகிறது.
அணைகிறது.
வேறொரு வளைவில் எரிகிறது.

அங்கே மஞ்சக்குட்டையில்
காப்பித் தோட்டத்து மூலையில் ஒரு கம்பம்.
அதில் சோப்பு டப்பா அளவு என் கருவி.
மழையை எண்ணும்.
சின்னக் கரண்டி நிறைந்து சாயும்போதெல்லாம்
ஒன்று என்று குறித்துக்கொள்ளும்.
பதினோரு இரவாக, சரியாக இரண்டு நாற்பதுக்கு,
அன்றைய கணக்கை அனுப்பப் போகும் நேரத்தில்
விழுந்து,
நாள் முழுக்கப் பெய்ததை மறந்துவிட்டு எழுகிறது.

பம்ப் ஷெட்டில் ஸ்தனிஸ்லாஸ்.
அவர் மடியில் கம்பெனியின் பழைய லேப்டாப்,
அதிலிருந்து கம்பம் வரை சாக்கு மூடிய ஒரு கேபிள்.
இணைப்பு மறுக்கப்பட்டது.
இணைப்பு மறுக்கப்பட்டது.
"ஒயரை மாத்திச் சொருகட்டுமா அம்மிணி?"
இணைந்தது.

திரையில் அம்பு ஒரு வெற்று வரியில் நிற்கிறது.
வெற்று வரியில் நிரல் எப்படி நிற்கும்?
மலையில் ஓடுவது செவ்வாய்க்கிழமை ஏற்றியது,
நான் படிப்பது வியாழக்கிழமை திருத்தியது.
ஒரு மணி நேரமாக
பழைய வீட்டுக் கதவைத்
தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு நாய்.
காவல்நாய் என்றே பெயர் அந்தக் கடிகாரத்துக்கு.
எட்டு நொடிக்கொரு முறை தட்டிக்கொடுக்காவிட்டால்
வீட்டுக்காரன் செத்தான் என்று முடிவு கட்டி
எல்லாவற்றையும் குதறிப் புதிதாய்த் தொடங்கும்.
நான் நிறுத்தி யோசிப்பது
அதற்குச் சாவாகத் தெரிகிறது.
கட்டிப்போட்டேன்.

சோதனைக்கென்று கட்டிய நிரலை ஏற்றினால்
இரண்டு நாற்பது தாண்டியும் சாகவில்லை.
இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு மாதிரி
கை கட்டி உட்கார்ந்திருக்கிறது.
அதை இறக்கிவிட்டு, பழையதையே ஏற்றி,
அதன் கடிகாரத்தை இரண்டு முப்பத்தொன்பதுக்குத் தள்ளி,
சாவுக்கு ஒரு வரி முன்னால் பிரேக்பாயிண்ட் வைத்தேன்.

நின்றது.
கருவிக்குள் காலம் நின்றது.
போனில் மட்டும் தகரத்தின் மேல் மழை.
"கரண்டி சாயுது, லைட்டு மின்ன மாட்டேங்குது."
இருங்க, என்றேன். இப்ப அது எண்ணாது.
நினைவகத்தை விரித்துப் பார்த்தேன்.
நிரல் வேலை முடிந்து திரும்ப வேண்டிய முகவரி
இருக்கும் இடத்தில்
வேறு யாரோ படுத்திருக்கிறார்கள்.
அதற்கு மேலே மும்மூன்றாக,
ஒரே முதலெண்ணோடு, வரிசையாக எண்கள்.
இது மழை இல்லை. வெப்பம் இல்லை.
தமிழ்.

பன்னிரண்டு நாளுக்கு முன் அவர்தான் கேட்டார்,
"எம்.கே. ஏழுன்னா எந்த ஊரு?"
சிரித்துவிட்டு நான்தான் தட்டினேன்: மஞ்சக்குட்டை.
கண்ணுக்கு ஏழெழுத்து.
கருவிக்கு முப்பத்தாறு பைட்.
நான் ஒதுக்கியிருந்தது முப்பத்திரண்டு.
குட் வரைக்கும் அடங்கி,
டகரம் நிலைப்படியில் இடித்து,
ஐகாரத்தின் கொம்பு முழுசாக வெளியே.
அதுதான் பக்கத்து அறையைக் குத்தியிருக்கிறது.
சோதனை நிரலில் அறைகளுக்கு நடுவே சந்து விட்டிருந்தது,
குத்தியது சுவரில் பட்டிருக்கும்.

அறுபத்துநாலு ஆக்கினேன்.
நாகலூர், காவேரி பீக், எந்த ஊர் வந்தாலும்
கால் நீட்டிப் படுக்கட்டும்.
நாயை அவிழ்த்துவிட்டேன்.
"மின்னுது," என்றார். கொட்டாவி விட்டார்.

அப்புறம்,
"நீங்க நிறுத்தி வெச்ச நேரத்து மழை?"
ஏழு நிமிடம். அது போனதுதான், என்றேன்.
"நான் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன்.
பத்தொம்பது வாட்டி சாஞ்சுது."

அதைச் சேர்க்க என் நிரலில் வழி இல்லை.
மின்கட்டண ரசீதின் பின்னால் எழுதிவைத்தேன்.
பத்தொன்பது. மஞ்சக்குட்டை.
ரசீதில் இடம் இருந்தது.