இரண்டு பக்கமும் ஆமாம்

தடைக்காலம் இன்று நள்ளிரவோடு முடிகிறது.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம்
மத்தியானத்திலிருந்தே.
அறுபத்தோரு நாள் கரையில் கிடந்த மிஷின்கள்
கடைசி நாள்தான்
என் கடைக்கு வழி கண்டுபிடிக்கின்றன.

தேசப்பன் மீன் பார்க்கும் கருவியை
லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தான்.
"எரியல. செத்துட்ச்சா பாரு, பிலோமி."
பின்னால் அவன் மச்சான் லோகு,
பேசாமல், என் காலண்டரைப் படித்துக்கொண்டு.
பாட்டரியை மாற்றிக் கட்டியிருக்கிறான்.
சிவப்பு கறுப்பில், கறுப்பு சிவப்பில்.
யாரும் சொல்லவில்லை.
கருகிய முனை சொன்னது.

மூடியைத் திறந்தால் முதலில் உப்பு.
அப்புறம் ஃப்யூஸ், கம்பியில்லாத வெறுங்கண்ணாடி.
அப்புறம் அது:
வேர்க்கடலைப் பருப்பளவு கறுப்பு உடம்பு,
ஓரத்தில் வெள்ளைப் பட்டை.

மீட்டர் முனைகளை வைத்தேன். பீப்.
மாற்றி வைத்தேன். பீப்.
நல்ல டையோடு
ஒரு பக்கம்தான் ஆமாம் சொல்லும்.
இரண்டு பக்கமும் ஆமாம் என்றால்
ஆள் போய்விட்டது.

தேசப்பனுக்கு நேரமில்லை, ஐஸ் கரைகிறது.
உங்களுக்குச் சொல்கிறேன்.
மணல்தான் இது.
எர்ணாவூரில் கடல் தின்றுகொண்டே வருகிறதே,
அந்தக் கரைக்குத் தூரத்து உறவு.
உருக்கி உருக்கிச் சுத்தம் பண்ணினால் சிலிக்கான்.
சுத்தமாகவே விட்டால் சோம்பேறி:
செம்பு மாதிரி ஓடவும் விடாது,
ரப்பர் மாதிரி அடைக்கவும் அடைக்காது.
அதனால் அளந்து அழுக்கு சேர்ப்பார்கள்,
கோடியில் ஒன்று என்கிற கணக்கில்.
பாஸ்பரஸ் விழுந்த பக்கம்
எலெக்ட்ரான் ஒன்று மிச்சம்.
போரான் விழுந்த பக்கம் ஒன்று குறைச்சல்.
குறைச்சலுக்குத் துளை என்று பெயர். துளையும் நடக்கும்.
ஷேர் ஆட்டோவில் பாருங்கள்:
ராயபுரத்தில் ஓரத்து அம்மா இறங்கினதும்
பக்கத்து ஆள் ஓரத்துக்கு நகர்வார்,
அடுத்தவர் அவர் இடத்துக்கு.
காலி இடம் மட்டும் எதிர்த்திசையில்
உள்ளே போய் நிற்கும்.
அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை.
இல்லாதது போயிருக்கிறது.

மிச்சமும் குறைச்சலும் ஒட்டுகிற இடத்தில்
ஒன்றில் ஒன்று தீர்ந்து
குடியில்லாத சந்து ஒன்று உண்டாகும்.
சரியாகத் தள்ளினால் சந்து சுருங்கி
மின்சாரம் கடக்கும்,
அரை வோல்ட்டுக்கு மேலே சுங்கம் கட்டிவிட்டு.
(நம்ம டோல்கேட்டில் பெயர்தான் மிச்சம்.
இங்கே இன்னும் வசூல்.)
மாற்றித் தள்ளினால் சந்து அகலும்.
கொருக்குப்பேட்டை கேட் மூடினது போல.
ஹாரன் அடித்துப் புண்ணியமில்லை.

இதை வைத்திருந்தது தலைகீழாக, குறுக்கே.
எட்டு வருஷம்
சரியாகக் கட்டிய ராத்திரிகளிலெல்லாம்
ஒரு வேலையும் செய்யாமல் நின்றது.
தப்பாகக் கட்டிய அந்த நொடி
அத்தனையையும் தன் வழியே இழுத்து
ஃப்யூஸை உடைத்து
தானும் போனது.
பின்னாலிருந்த சில்லு ஒன்றுக்கும்
சூடு தெரியாது.

"அது இன்னா வெல?"
பத்து ரூபா. ஃப்யூஸ் அஞ்சு. கூலி முந்நூறு.
"காப்பாத்துனதுக்குப் பத்து,
பாத்ததுக்கு முந்நூறா?"
கொஞ்சம் வெட்கம்தான்.
குறைக்கவில்லை.

ஈயப் புகை கண்ணைக் கரித்தது.
வெள்ளைப் பட்டை பாசிட்டிவைப் பார்க்க வைத்து
இரண்டு தரம் சரிபார்த்தேன்.
நானும் ஒரு தடவை மாற்றி வைத்தவள்.
அந்தக் கதை பில்லில் வராது.

ஒரு பக்கம் ஐந்நூற்றுச் சொச்சம்.
மறுபக்கம் மௌனம்.
திரை எரிந்தது.
மேசைக்கு அடியில் கடல் இல்லாததால்
ஆழத்துக்கு மூன்று கோடு காட்டியது.

லோகு சட்டைப்பையிலிருந்து
சிவப்பு வலைநூலை எடுத்து
பாசிட்டிவ் ஒயரில் மூன்று சுற்று கட்டினான்,
பல்லால் இழுத்து, முடிச்சு அவிழாதபடி.
அதே நூலை எடுத்துக்கொண்டு
கறுப்புக்குப் போனான்.

கையைப் பிடித்தேன்.