பழையபடி

எட்டு மணிக்கே போய்விட்டேன்.
நார்தம்பர்லாந்துக் கடற்காற்றில்
டாக்டர் பைபஸின் பெயர்ப்பலகை
ஒற்றை ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.
குறித்துக்கொண்டேன். பிறகு அடித்துவிட்டேன்.

வரவேற்பில் கெய்னர்.
தொலைபேசி ஓயாத நேரம் அது.
யாருக்கோ வியாழக்கிழமையைத் தந்தபடி
மறுகையால் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
ஆய்வுக்கு வந்தவர் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.
"தண்ணீராவது?"
தண்ணீர் குடித்தேன். தொண்டைக்கு வேண்டியிருந்தது.

முதலில் தடுப்பூசி ஃபிரிட்ஜ்.
நர்ஸ் லின்ஸி டாட்ஸின் கையெழுத்தில்
நாளுக்கு இரண்டு முறை வெப்பநிலை:
நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி ஆறு, ஐந்து.
ஜனவரியில் ஒரு நாள் ஒன்பது.
பக்கத்தில் சிவப்பு மையில்,
"கரண்ட் போனது. இருபத்திரண்டு ஊசிகளை எறிந்தேன்.
அழுகை வந்தது."
கடைசி இரண்டு சொற்களை எந்த விதியும் கேட்கவில்லை.
ஒன்பதைக் கண்ட பிறகுதான்
நாலையும் ஐந்தையும் நம்பினேன்.

ஆக்சிஜன் உருளை நிறைந்திருந்தது.
அவசர ஊசிமருந்து காலாவதியாக இன்னும் நாலு மாதம்.
குழந்தைகள் மூலையில்
சக்கரம் கழன்ற மர லாரி.

பிறகு டாக்டரின் குறிப்புகளைத் திறந்தேன்.

மார்ச்: பழையபடி.
ஜூன்: பழையபடி. மகனிடமிருந்து கடிதம் வந்ததாம்.
செப்டம்பர்: பழையபடி.
கண்ணை மூடிக்கொண்டு முப்பது பேரை எடுத்தேன்.
பத்தொன்பது பேர் பழையபடி இருந்தார்கள்.
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்னும் ஒருவருக்கு
பதினோரு மாதமாய்ப் பரிசோதனை நடந்த தடயமே இல்லை.
"நடந்தது. ஐந்து முறை," என்றார் பைபஸ்.
ஐந்து எண்களையும் விரல்விட்டுச் சொன்னார்.
ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
ஐந்தும் சரி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே சுரைக்காய் முழுக்கக் கறியில்.
ஏடு வெள்ளை.

காத்திருப்பவர்களிடம் பேச வேண்டும், அதுவும் விதி.
வினிஃப்ரெட் ஹார்பாட்டில், எழுபத்தாறு,
மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு
சுங்க அதிகாரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.
"கைராசிக்காரர். எழுதிக்கொள்."
எழுதிக்கொண்டேன்.
பிப்ரவரியில் டாக்டர் தன் அக்காவின் சாவுக்குப் போயிருந்தபோது
பதிலுக்கு வந்த இளைஞர் பெனிசிலின் எழுதிக் கொடுத்தார்.
வினிஃப்ரெடுக்குப் பெனிசிலின் ஆகாது.
மீன்கடைக்குத் தெரியும், தேவாலயத்துக்குத் தெரியும்,
கெய்னருக்குத் தெரியும், அன்று அவளுக்கு விடுமுறை.
கம்ப்யூட்டருக்குத் தெரியாது.
"முகம் பூசணிக்காய். ஹெலிகாப்டரில் தூக்கிப்போனார்கள்.
அந்தப் பையனுக்கு என்ன தெரியும், பாவம்."
அதைத்தான் நானும் சொல்கிறேன், என்றேன்.
அவர் கைப்பையைத் திறந்தார். மூடினார்.

கைராசிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருக்கவும் கூடாது.
கை ஒரு நாள் ஊரில் இருக்காது.

நாலரைக்கு அவர் அறையில் உட்கார்ந்து
கண்டதைச் சொன்னேன்.
அக்கறையில் குறையில்லை. பாதுகாப்பு போதாது.
முப்பத்தொரு வருடம், என்று தொடங்கியவர்
பெனிசிலின் என்றதும் நிறுத்திவிட்டார்.
"எந்தத் தேதி?"
சொன்னேன்.
"அன்றைக்குத்தான் அக்காவை அடக்கம் செய்தோம்."
ஜன்னலில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து எழுந்து போனது.
"எனக்கு யாரும் சொல்லவில்லை.
வருத்தப்படுவேன் என்று."
ஊரே சேர்ந்து அவரிடமிருந்து மறைத்திருக்கிறது,
அன்பினால்,
அதுவும் எங்கும் எழுதப்படாமல்.

காரைக் கிளப்பும்போது கண்ணாடியில் தட்டினார்.
மேசையில் விட்டுவந்த என் பேனா.
"அந்த இருமல் எத்தனை வாரமாய்?"
இருமியதே எனக்கு நினைவில்லை.
"மூன்று. இல்லை, நாலு."
"ஒரு எக்ஸ்ரே எடுங்கள். இடது பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்."
மழை அவர் வழுக்கையில் விழுந்துகொண்டிருந்தது.
திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

எங்கும் குறித்துக்கொண்டிருக்க மாட்டார்.
அறிக்கையின் ஓரத்தில் நான் எழுதினேன்:
நாலு வாரம். இடது.