டயர் புகை

ஆண்டவரே,
இன்று நீண்ட ஜெபம் இல்லை,
விரல்கள் விறைத்துவிட்டன.
கேட்பது ஒன்றே ஒன்று:
இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம்,
ஆழம் உம் இஷ்டம்.

அடுப்பு அணைத்த அறையில்
எசென்பெக் கிடக்கிறான்.
சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
"கதவைச் சாத்து, குளிருது" என்று
முப்பது வருஷம் கத்தியவன்
மூன்று நாளாக ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் ஊரார் வந்தார்கள்.
தேநீரைத் தொடவில்லை.
"அவன் அப்பா பக்கத்தில் இடம் இருக்கிறது.
ஆனால் அவன்தான் அப்பாவின் வழியை விட்டுப் போனவன்."
கோபமில்லை அவர்கள் குரலில்,
கடையில் மாவு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னார்கள்.
தாய்மாமன் அழுதார்.
அழுதுகொண்டே 'இல்லை' என்று தலையசைத்தார்.

இரண்டாம் நாள் நம் சபையார்
(ஏழு பேர்தான், உமக்குத் தெரியும்,
அதில் இருவருக்கு எண்பது வயது)
கடப்பாரையோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள்.
ஜனவரி மண்.
இரும்பு பட்ட இடத்தில் பொறி பறந்தது.
ஒரு சாண் இறங்குவதற்குள் கடப்பாரை வளைந்தது.
அரசாங்க நிலம் என்று
ஒருவன் தாளோடு வந்து நின்றான்.

எல்லாரும் பனியில் மண்டியிட்டார்கள்.
நானும் மண்டியிட்டேன்,
ஆனால் ஜெபிக்கவில்லை, மன்னியும்.
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பால் நிலையத்தில் பதினாறு வருஷம்
எடை பார்த்து எழுதியவள் நான்.
மகளின் காய்ச்சல்: கேட்டேன், தந்தீர்.
சிவப்புப் பசு: கேட்டேன், தரவில்லை.
எசென்பெக் குடியை விட வேண்டும்:
தந்தீர், பதினோரு வருஷம் தாமதமாக.
அவன் ஈரல்: தரவில்லை.
வேலியோரம் குடித்து விழுந்த நாட்களில்
இந்த ஊர்தான் அவனைத் தூக்கிவந்து
வாசலில் கிடத்தும்.
எழுந்து நின்று உம் பெயரைச் சொன்ன பிறகு
யாரும் கை கொடுக்கவில்லை.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது,
வரவா, செலவா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
நேற்று ராத்திரி
அவர்கள் மாடுகளின் மடி வற்றட்டும் என்று கேட்டேன்.
உடனே வாபஸ் வாங்கினேன்.
அந்த மாடுகளை எனக்குத் தெரியும்,
ஒவ்வொன்றின் பாலும் தெரியும்.
அவை என்ன செய்யும் பாவம்!

இதற்கு மேல் வார்த்தை இல்லை.
இரண்டு மீட்டர்.
ஆமென்.

*

விடியுமுன் நாற்றம் எழுப்பியது.
ரப்பர் கருகும் நாற்றம்.
எங்கள் பள்ளத்தாக்கில், இந்த மாதத்தில்,
டயர் எரிந்தால் ஒரே அர்த்தம்தான்:
குழி வெட்ட மண்ணை இளக்குகிறார்கள்.
யார் செத்தது என்று
சால்வையை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சந்தின் கடைசியில்
ஜுமாகாதிரின் கிழங்குக் கொல்லை.
ஓர் ஆட்டுக்குட்டித் தகராறில்
எசென்பெக்கோடு பதினெட்டு வருஷம் பேசாதவன்.
வெள்ளிக்கிழமை தவறாமல்
முதல் வரிசையில் தொழுபவன்.
டிராக்டர் டயர் நான்கு,
நடுராத்திரியிலேயே கொளுத்தியிருக்கிறான்.
புருவம் வரை கரி.
மண் புழுங்கி ஆவி விட்டது,
கிடையிலிருந்து எழுந்த மாடு மாதிரி.

என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"உங்க ஆளுங்களுக்குத் தலை எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை, ஆண்டவரே.
ஏழு பேரில் யாரும் இதுவரை சாகவில்லை.
மலையைக் காட்டினேன்.
சரி என்றான்.
"பெரியவங்க திட்டுவாங்களே?"
"திட்டட்டும். கொல்லை என்னுது."
கொஞ்சம் வெட்டிவிட்டு, குழிக்குள்ளிருந்தே,
"குட்டி அவனோடதுதான்" என்றான்.
அவ்வளவுதான்.

மதியம் நாங்கள் ஏழு பேரும் பாடினோம்.
அவன் வேலிக்கு வெளியே
மண்வெட்டியை ஊன்றி, முதுகு காட்டி நின்றான்.
அவன் மனைவி கொதிக்கக் கொதிக்க
ஒரு தூக்கு சூப் அனுப்பியிருந்தாள்,
யார் கொடுத்தது என்று சொல்லாமல்.

*

ஆண்டவரே,
பெட்டி இறங்கிய பிறகு
பழக்கதோஷத்தில் அளந்து பார்த்தேன்.
நான் கேட்டதைவிட அரை மீட்டர் நீளம் அதிகம்.
தவறா, தெரிந்தே வெட்டினானா,
கேட்கவில்லை.

ஜுமாகாதிருக்கு இடுப்பு வலி உண்டு,
நிமிரும்போது பல்லைக் கடிக்கிறான்.
நாளை அவனிடம் யாராவது வருவார்கள்,
தேநீரைத் தொடாமல் பேசுவார்கள்.
பக்கத்தில் இரும்.

அவன் பசு சினை.
அதையும் பார்த்துக்கொள்ளும்.