நாற்பத்தாறு

சீட்டில் 46 என்று எழுதினார் டாக்டர் ஜின்சி.
எனக்கு நாற்பத்தொன்பது என்றேன்.
வயசல்ல அண்ணா, பல்லிண்ட நம்பர்.
முப்பத்திரண்டு பல் உள்ள வாயில்
நாற்பத்தாறு எப்படி வந்ததென்று நான் கேட்கவில்லை.
பதினாறு பேர் ஏறும் என் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில்
இருக்கை எத்தனை என்று
அவரும் கேட்கவில்லை.

கம்பத்தில் ஐந்து மணிக்குப் பெண்களை ஏற்றி
மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டால்
நாலு மணி வரை எனக்கு வேலையில்லை.
அந்த வெட்டிப்பொழுதில்தான்
நெடுங்கண்டத்து மாடியில் வாயைத் திறந்து படுத்தேன்.
அதற்கு முன் மூன்று வாரம்
ஒச்சம்மா கொடுத்த கிராம்பு ஒன்று
பொந்துக்குள் காவலிருந்தது.
குளிர்காற்று ஜன்னலில் நுழையும்போதெல்லாம்
வலதுகை ஸ்டியரிங்கில்,
இடதுகை கன்னத்தில்,
கியர் மாற்றக் கை இல்லை.

கிராம்பு வலியைத் தூங்கவைக்கும்,
சொத்தையைத் தூங்கவைக்காது என்றார்.
எக்ஸ்ரே படத்தில் என் கடைவாய்ப்பல்
இரண்டு கால் ஊன்றி நின்றது.
ஒரு காலடியில் கறுப்பாய் ஒரு நிழல்.

பிடுங்கினால் ஐந்நூறு.
வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்து
மேலே தொப்பி போட்டால்
மூவாயிரத்துச் சொச்சம், தொப்பி தனி.
நான் ஐந்நூறு என்றேன்.
போன மாசம்தான் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தேன்.

அவர் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்:
எடுத்த இடம் சும்மா இருக்காது அண்ணா.
பின்னால் உள்ளது முன்னால் சாயும்,
மேலே உள்ளது கீழே இறங்கும்.

அது எனக்குத் தெரிந்த கணக்கு.
நெருக்கி உட்கார்ந்த பதினாறு பேரில்
நடுவில் ஒருத்தி இறங்கிவிட்டால்
அடுத்த வளைவில் அத்தனை பேரும்
ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள்.
தூக்குச்சட்டி உருளும்.
யாரோ என் அப்பனைத் திட்டுவார்கள்.
சரி, தொப்பியே போடுங்க என்றேன். தவணையில்.

மூன்று தடவை போனேன்.
ஊசி போட்டதும் உதடு யாருடையதோ ஆகிவிட்டது.
மெல்லிய கம்பிகள் பல்லுக்குள் இறங்கி ஏறின,
அடைத்த கார்பரேட்டரைக் குத்துவது மாதிரி.
நடுவில் மருந்து வைத்தபோது நாக்கில் ஒரு வாசம்.
கிராம்பு!
ஒச்சம்மாவிடம் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.
அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் மற்ற பற்களையும் பார்த்தார்.
மேடெல்லாம் தேய்ந்து மொட்டை டயர் போலிருக்கிறதாம்.
பல்லு கடிக்கிறது உண்டோ?
இல்லை என்றேன்.
வீட்டில் கேட்டேன்.
ஒரு வருசமாச் சொல்றேன், ராத்திரியெல்லாம் நறநறங்குது,
எலின்னு நெனச்சு ரெண்டு பொறி வாங்கினேன்
என்றாள் சுருளியம்மா.

இப்போது இரவில் கண்ணாடி மாதிரி ஓர் உறை.
காலையில் கழுவி டப்பாவில் போடுகிறேன்.
இரவுக்கு உறை உண்டு. பகலுக்கு?
உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது;
அவ்வளவுதான் என்றார்.

தொப்பியைப் பார்க்க ஜீப்பே எட்டிப் பார்த்தது.
எவர்சில்வர் டம்ளராட்டம் இருக்கு என்றாள் பொன்னழகி.
ஒச்சம்மா தன் வாயைத் திறந்து காட்டினாள்.
கீழே வலதுபக்கம் காலி.
பொகையிலை வைக்க எடம் வேணும்ல என்றாள்.
சிரிக்கும்போது இடதுபக்கமே சிரித்தாள்.
அவள் இடதுபக்கமே மெல்லுவாள் என்பதும்
அப்போதுதான் கண்ணில் பட்டது.
புதன்கிழமை அரைநாள் லீவு போடு,
கூட்டிட்டுப் போறேன் என்றேன்.
கூலியை அந்தப் பொம்பளையா தரும் என்றாள்.

இறக்கம். மூடுபனி.
எதிரே கேரளா பஸ் வளைவை முழுசாய் விழுங்கி வருகிறது.
இரண்டாவது கியர்.
தாடை தானாக இறுகுகிறது, தெரிகிறது.
உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது.
விடுகிறேன்.
பஸ் உரசாமல் போகிறது.

பின்னாலிருந்து ஒச்சம்மா:
என்ன, தனியா முணுமுணுக்கிற?
புதன்கிழமை என்றேன்.