குடும்பப் பெயர் கட்டாயம்

ஜுபைல். இரண்டாம் தொழிற்பேட்டை.
மூன்று நாளாய் ஷமால் காற்று
போர்ட்டா கேபின் கதவிடுக்கில் மணல் திணிக்கிறது.
காலை ஐந்து ஐம்பதுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தால்
திரை மூலையில் ஒரு நட்சத்திரம் மினுக்கி
"காலை வணக்கம், செய்யது மஸ்தான்!
இன்று எப்படி உதவட்டும்?" என்கிறது.

செய்யது மஸ்தான் என் வாப்பா.
மவுத்தாகிப் பதினோரு வருஷம்.
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
எங்களிடம் குடும்பம் இருந்தது, குடும்பப் பெயர் இல்லை.
ஏஜெண்ட் வாப்பாவைத் தூக்கி அதில் உட்காரவைத்தான்.

புகார் எழுதினேன். ஒரு எண் கொடுத்தார்கள்.
அதற்குப் பிறகு
பச்சையாய் இருந்த பொத்தான் நீலமானது,
நீலம் வட்டமானது,
வட்டம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் குடிபோனது.
ஓவர்டைம் மட்டும்
நள்ளிரவைத் தாண்டினால் இன்றும் பூஜ்யம்.
இருநூற்றுப் பதினாலு பேரின் ராத்திரியை
நோட்டில் எழுதி, மறுநாள் கையால் ஏற்றுகிறேன்.
இந்த வருஷம் சந்தாவைக் கூட்டிவிட்டு
நட்சத்திரத்தைக் கொடுத்தார்கள்.
கூரை ஒழுகுது என்றவன் வீட்டு வாசலில்
பேசும் கிளியைத் தொங்கவிட்ட மாதிரி.

அதற்குக் கோபம் வராது. அதுதான் எனக்குக் கோபம்.
கணக்குத் தப்பு என்றால்
"மிகச் சரியாகச் சொன்னீர்கள்!"
அதே தப்பை அழகான அட்டவணையில் போட்டுத் தரும்.
சுடலையாண்டியைச் சூடான் ஆண்டி ஆக்கும்.
திருத்தினால் நன்றி சொல்லும்.
மறுநாள் மறுபடி சூடான்.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்
அந்தச் சூடான் ஆண்டி வந்தார்.
சாரம் கட்டுகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"அப்பா போயிட்டாரு சார். பொன்னுபாண்டி" என்றார்,
பெயரையும் கேட்பேன் என்று தெரிந்தவராய்.

அவசர விடுப்புப் படிவம்.
இறந்தவர் பெயர்: பொன்னுபாண்டி.
மூன்று புள்ளிகள் எம்பி எம்பிக் குதித்தன.
"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், செய்யது மஸ்தான்.
ஊழியர் பொன்னுபாண்டி காலமானதைப் பதிவு செய்துவிட்டேன்.
கேட் பாஸும் மெஸ் கார்டும் முடக்கப்பட்டன.
அவர் இடத்துக்கு ஆள் கேட்டுக் கடிதம் எழுதட்டுமா?"

இல்லை என்று அடித்தேன்.
ஆள் என் எதிரில் நிற்கிறார் என்று அடித்தேன்,
இங்கிலீஷில், தமிழில்,
ஒருமுறை கெட்ட வார்த்தையில்.
"நல்ல கவனிப்பு! குழப்பத்துக்கு மன்னிக்கவும்."
ஆனால் கார்டைத் திறக்கும் அதிகாரம் அதற்கு இல்லையாம்.
முடக்க இருந்தது.

"மெஸ்ல சிவப்பு காட்டுது சார்.
பசிக்கலை, அதுக்காகச் சொல்லலை.
கேட்டுலயும் சிவப்புன்னா
ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போறது?"

எகிப்துக்காரர் ஹாஸிமிடம் ஓடினேன்.
கம்பெனியை, காற்றை, என்னை,
ஒரு சுலைமானி ஆறும்வரை திட்டிவிட்டு
வெள்ளைத்தாளில் அரபியில் எழுதினார்:
இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார்.
கீழே முத்திரை.
கேட்டில் காவலாளி தாளை இரண்டு முறை படித்தான்,
ஆளை ஒரு முறை பார்த்தான்,
சங்கிலியை இறக்கினான்.

தம்மாமில் போர்டிங் பாஸ் வாங்கினோம்.
குடும்பப் பெயர் முதலில், கொட்டை எழுத்தில்.
பொன்னுபாண்டி. ஜன்னலோர இருக்கை.
சுடலையாண்டி அதைக் கட்டைவிரலால் தடவினார்.
"எங்கப்பா ஃப்ளைட்டே ஏறுனதில்ல சார்."
சிரிக்கிறாரா என்று பார்ப்பதற்குள்
வரிசை நகர்ந்துவிட்டது.

திரும்பி வந்தபோது
என் பழைய புகாருக்குப் பதில் வந்திருந்தது:
தீர்க்கப்பட்டது.
யார் தீர்த்தார்கள், எதை, தெரியவில்லை.

இன்று ஐந்து ஐம்பது.
"காலை வணக்கம், செய்யது மஸ்தான்!"
பொத்தானைத் தேடி, வலப்பக்கம் கண்டுபிடித்து,
நேற்றைய ராத்திரியை ஏற்ற ஆரம்பிக்கிறேன்.
எனக்கும் மெஸ்ஸில்தான் சாப்பாடு.
வாப்பா இறந்துபோனதை
அதனிடம் நான் சொல்லவில்லை.