மத்தி விளையாட்டு

கண்ணாமூச்சியைத் தலைகீழாய்க் கவிழ்த்தால் அதுதான் மத்தி.
ஒருவர் ஒளிவார், மற்ற எல்லோரும் தேடுவார்கள்.
கண்டுபிடித்தவர் கத்தக் கூடாது,
அதே பொந்துக்குள் தானும் நுழைந்து
டப்பா மீனாய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.
கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சுவார்,
தேடிக்கொண்டே.

அந்த ஒருவர் நான்தான் என்று
எனக்கு எட்டு மணிக்கே தெரியும்.

வடக்கு டகோட்டா, பிப்ரவரி.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
லுத்தரன் ஆலயத்தின் கதவை உள்ளிருந்து பூட்டி
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார் திருமதி ஹாகன்.
விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது:
வாலிபர் கூட்டத்தின் வருடாந்தர இரவு.
பீட்சா. ஜெபம். மறுபடி பீட்சா.
தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.
என்னிடம் வந்ததும் விரல் ஒரு கணம் தயங்கி
பன்னிரண்டு என்றது.

மற்ற பதினோரு பேருக்கும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம்.
ஆரின் அலறியதும், சோல்வே போதகரின் கண்ணாடியைப் பிடுங்கியதும்
இவர்களுக்குள் தேய்ந்துபோன சிரிப்பு.
நான் அக்டோபரில் வந்தவள்.
அப்பாவுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை,
எனக்கு இது ஐந்தாவது பள்ளிக்கூடம்.
கடவுளைப் பற்றித் தீர்மானமாய் ஒன்றும் தெரியாது.
புதன்கிழமைகளில் இங்கே கதகதப்பாக இருக்கும்,
வீட்டில் அதைச் சொல்லித்தான் வந்தேன்.

விளக்குகளை அணைத்தார்கள்.
பிரென்னா ஒளியப் போனாள்.

சமையலறை மேசைக்கடியில் பார்த்தேன்.
காபி அண்டாவுக்குப் பின்னால்.
ஞாயிறு பள்ளி அறையில்
நோவாவின் பேழைக்குப் பக்கத்தில்
யானை ஒன்று காலொடிந்து கிடந்தது.
முதலில் எங்கும் காலடிகள்,
பிறகு நாலைந்து பேருடையவை,
பிறகு இருவருடையவை,
பிறகு என்னுடையவை.

இருட்டில் ஆலயம் பெரிதாகிவிடுகிறது.
பெஞ்சுகளில் மெருகெண்ணெய் வாசம்.
வெப்பக்குழாய் டொக் டொக்கென்று யாரையோ கூப்பிட்டது.
பீடத்தருகே நின்று
"யாராவது இருக்கீங்களா?" என்றேன்.
யாரிடம் கேட்டேன் என்று இன்னும் தெரியாது.

பாடகர் குழுவின் அங்கி அலமாரிக்குள்ளிருந்து
ஒரு விக்கல்.
ஆரின். இரண்டு சோடாவை மூச்சுவிடாமல் குடித்தவன்.

கைப்பிடியைத் தொட்டேன், திருகவில்லை.
உள்ளே கிசுகிசுத்தார்கள்:
"அவ இன்னும் வரலையே."
"யாராவது போய்க் கூப்பிடலாமா?"
"வேணாம், ஆட்டம் கெட்டுடும்."
"பயந்துட்டான்னா?"
"அவளா? அவ பயப்படவே மாட்டா."

என்னைப் பற்றி ஒருவர் இத்தனை உறுதியாய்ச் சொன்னதும்
அது இத்தனை தவறாய் இருந்ததும்
எனக்குப் பிடித்திருந்தது.
இன்னொரு நிமிடம் அப்படியே நின்றேன்,
நான் இல்லாத இடத்தில்
நான் இருப்பதைக் கேட்டுக்கொண்டு.

இரண்டாவது விக்கல். திறந்தேன்.
இடமே இல்லை என்றார்கள்,
இழுத்துக்கொண்டே.
யாருடைய முழங்கையோ, யாருடைய வெங்காய மூச்சோ,
மூக்குக்குள் அந்துருண்டை வாசம்.
மூன்றாவது விக்கலுக்குப் பன்னிரண்டு விலாக்கூடுகளும்
ஒரே சமயத்தில் குலுங்கின.
ஆட்டம் முடிந்துவிட்டது.
முதலில் வெளியே போகத்தான் ஆளில்லை.

காலையில் வட்டமாய் உட்காரவைத்து
இரவில் தேவனை எங்கே உணர்ந்தீர்கள் என்று கேட்டார் திருமதி ஹாகன்.
நட்சத்திரங்களில் என்றாள் சோல்வே.
ராத்திரி முழுக்க பனிப்புயல், ஒரு நட்சத்திரமும் கிடையாது.
என் முறை வந்தபோது
வாய் நிறைய பான்கேக்.
நல்லதாய்ப் போயிற்று.

திங்கள்கிழமை, பள்ளி உணவறை.
பிரென்னா கூடைப்பந்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.
கூப்பிடவில்லை. நகர்ந்து இடம் விடவும் இல்லை.
நான் தட்டோடு தாண்டிப் போகையில்
முகத்தைத் திருப்பாமல்
ஒரே ஒரு விக்கல் விக்கினாள்,
பொய்யாக.