பதினொருவர்

இரவு ஒன்றே முக்கால்.
வெடிச் சத்தமில்லை,
பக்கத்து அறையில் யாரோ
நெட்டி முறித்த மாதிரித்தான் கேட்டது.
பிறகு மழை.
வீட்டுக்குள்ளே.

நூற்றியிருபது லீட்டர் தொட்டி.
லொசானுக்குப் படிக்கப் போகும்போது
"ரெண்டு நேரம், ஒரு சிட்டிகை, அவ்வளவுதான் அம்மா"
என்று ஆரூரன் விட்டுப்போனது.
எனக்கு மீன் என்றால் குழம்பு.
அதை அவனிடமே சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.

மூலைக் கண்ணாடியில் கீறல்
மேலிருந்து கீழே, தலைவகிடு போல் நேராக.
கையால் பொத்தினேன்.
பொத்தினால் நிற்கிற தண்ணியா அது?
விரலிடுக்கு ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால்.

பீல் நகரத்து இந்தக் கட்டடத்தில்
பத்து மணிக்குப் பிறகு குளிக்கக் கூடாது.
உடுப்புத் தோய்க்க எனக்குச் செவ்வாய் பின்னேரம்.
இரவில் கழிவறைத் தண்ணியையே
யோசித்து இழுப்பவள் நான்.
இப்போது பலகைத் தரையின் இடுக்கால்
கீழ் வீட்டு ஏஷ்லிமானின் கட்டிலுக்கு
ஒரு குளத்தையே இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

குசினிக்கு ஓடினேன்.
கையில் முதலில் வந்தது மீன்சட்டி.
நாளைக்கென்று அதில் புளி ஊறிக் கிடந்தது.
எத்தனை வருஷத்து வெந்தயமும் மிளகாயும்
குடித்த சட்டி.
அதற்குள் உயிரோடு ஒரு மீனை விட்டு
அதன் முகத்தை எப்படிப் பார்ப்பது?
வைத்துவிட்டு
சோறு அவிக்கும் பானையை எடுத்தேன்.

தொட்டியில் மிஞ்சியதைக் கோப்பையால் அள்ளி
குழாய்த் தண்ணியோடு கலந்து
முழங்கையை வைத்துப் பார்த்தேன்.
ஆரூரனை முதல் முதல் குளிப்பாட்டும்போது
தாதி சொன்னது:
விரல் பொய் சொல்லும், முழங்கை சொல்லாது.

தேநீர் வடியால் ஒவ்வொன்றாக.
நீலக் கோடு போட்டவை, ஊசி அளவு,
வடிக்குள் ஈர இலைத் தூளோடு தூளாய்.
கம்பளத்தில் ஒன்று
தன்னையே தூக்கித் தூக்கிப் போட்டது.
கெளிறு சிரட்டையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றது.
சிரட்டையோடு தூக்கினேன்,
குடித்தனத்தோடு.
"வா ராசா, வந்திடு, வந்திடு" என்று
யாரோ கெஞ்சுகிற குரல்.
வீட்டில் நான் மட்டும்தான்.

மணி அடித்தது.
மன்னிப்புக்கு மூன்று வசனம்
டொச்சில் அடுக்கிக்கொண்டு திறந்தேன்.
தலை நனைந்த ஏஷ்லிமான்
என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்.
கணுக்கால் நீர். அதற்குள்
சூடாக்கியின் வயர், செருகியபடி.
"ஸ்ட்ரோம்!" என்று கத்தி
ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.
அதுவரைக்கும்
மீன்களை மட்டுமே சாகக்கூடியவை என்று நினைத்திருந்தேன்.

இருட்டில் கைபேசி வெளிச்சத்தைப் பானைக்குள் பிடித்தார்.
இருவரும் குனிந்து எண்ணினோம்,
அவர் அவர் மொழியில், நான் என் மொழியில்.
பதினொன்று. எல்ஃப்.
திரும்ப எண்ணினோம்.
பன்னிரண்டு இருந்தது என்றேன்.
தலையாட்டினார்.
அதே குரலில்
காப்புறுதி இலக்கத்தைக் காலையில் தரச் சொன்னார்.
திட்டவில்லை, தேற்றவும் இல்லை.
போகும்போது துடைப்பத்தை மட்டும் விட்டுப்போனார்.

ஆறு மணி வேலைக்குப் போகும் பஸ்ஸில்
ஆரூரன் எடுத்தான்.
"எத்தனை செத்தது?"
"எல்லாரும் இருக்கினம்" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டாமவனை வியாழன் கண்டேன்,
ஹீட்டருக்குப் பின்னால், கராம்பு போல் காய்ந்து.
பச்சைத் தொட்டியா,
காசு கட்டி வாங்கும் குப்பைப் பையா?
நகரசபைப் பட்டியலை
இரண்டு முறை வாசித்தேன்.
இன்னும் ஒரு தீப்பெட்டிக்குள்
ஜன்னலோரம் இருக்கிறான்.

புதுத் தொட்டி அடுத்த செவ்வாய் வரும்.
ஊறிய புளியில் பூஞ்சணம்; கொட்டிவிட்டேன்.
பானை ஒழியவில்லை.
மூன்று நேரமும் பாண்தான்.